காட்டுத்தீ மேப்பில் தெரியும் சிவப்புப் புள்ளி எத்தனை மணி நேரம் பழசு? ஆன்லைனில் எதைப் பார்ப்பது, எதை நம்புவது?

2025 ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை. லாஸ் ஏஞ்சலஸின் பசிபிக் பாலிசேட்ஸ் மலைச்சரிவில் புகை கிளம்பியபோது அங்கே காலை பத்தரை மணி. சென்னையில் நள்ளிரவு பன்னிரண்டு. இங்கே காலையில் எழுந்து போனை எடுத்தவர்கள் பார்த்தபோது, அங்கே வீடுகள் எரியத் தொடங்கியிருந்தன. பிள்ளைகள் கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் குடும்பங்களில் அன்று ஒரே கேள்விதான்: "தீ இப்போ எங்கே இருக்கு? அவங்க வீட்டுப் பக்கம் வந்துடுச்சா?"

பதில் தேடிப் போனால் கிடைத்ததோ ஒரு கடல். ரீல்ஸ், வாட்ஸ்அப் ஃபார்வர்டு, யூடியூப்பில் 'லைவ்' என்று ஓடும் வீடியோ, செயற்கைக்கோள் படம், சிவப்புப் புள்ளி போட்ட மேப். அடுத்த சில நாட்களில் ஹாலிவுட் என்ற பெரிய எழுத்துகள் தீயில் எரிவதாக ஒரு படம் உலகம் முழுக்கச் சுற்றியது. உண்மையில் அந்த எழுத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. படம் ஏஐ கொண்டு உருவாக்கியது. ஜனவரி 8 மாலை ஹாலிவுட் மலைப்பகுதியில் 'சன்செட் ஃபயர்' என்ற சின்ன தீ நிஜமாகவே பிடித்ததால், பொய்ப்படமும் நம்பும்படி ஆகிவிட்டது.

போலிப்படத்தைக்கூட ஒருவிதத்தில் சமாளித்துவிடலாம். அதைவிடச் சிக்கலானது, பழசாகிப்போன உண்மைத் தகவல். காற்று மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் வீசும்போது, ஆறு மணி நேரத்துக்கு முந்தைய மேப் பொய்ப்படத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. அதனால் காட்டுத்தீ பற்றி எந்தத் திரையைப் பார்த்தாலும் முதலில் தேட வேண்டியது தீயை அல்ல, நேரத்தை. இது எத்தனை மணிக்கு எடுத்தது?

நேரக் கணக்கிலும் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. கலிஃபோர்னியா நேரம் குளிர்காலத்தில் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். கோடையில் பன்னிரண்டரை. செயற்கைக்கோள் மேப்கள் பெரும்பாலும் இரண்டையும் விட்டுவிட்டு உலகப் பொது நேரமான யுடிசி-யைக் காட்டும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் இந்திய நேரம். இதைக் கவனிக்காமல் "இப்பதான் எரியுது" என்று குடும்ப குரூப்பில் போட்டு அம்மாவைப் பதற வைப்பவர்கள் நிறைய.

சிவப்புப் புள்ளி என்றால் என்ன?

காட்டுத்தீ மேப் என்று கூகுளில் தேடினால் முதலில் வருவனவற்றில் ஒன்று நாசாவின் 'ஃபர்ம்ஸ்'. லாகின் தேவையில்லை, காசு கிடையாது, உலகம் முழுவதையும் காட்டும். மற்ற பல செயலிகளும் டிவி சேனல்களும் போடும் சிவப்புப் புள்ளிகள் இங்கிருந்து எடுத்தவைதான்.

அந்தப் புள்ளி ஒரு தீயின் படம் அல்ல. செயற்கைக்கோளில் இருக்கும் 'விர்ஸ்' என்ற கருவி பூமியைக் கட்டம் கட்டமாகப் பார்க்கிறது. ஒரு கட்டம் ஏறக்குறைய 375 மீட்டருக்கு 375 மீட்டர். நம் கணக்கில் சொன்னால் சுமார் 35 ஏக்கர். அந்தக் கட்டத்துக்குள் எங்கேயோ சுற்றுப்புறத்தைவிட மிக அதிகமான வெப்பம் தெரிந்தால், கட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி விழும். எரிவது அரை ஏக்கராக இருக்கலாம், முப்பதும் எரியலாம். புள்ளி உங்கள் மகன் குடியிருக்கும் தெருவின் மேலேயே விழுந்திருந்தாலும், தீ இரண்டு தெரு தள்ளி இருக்கலாம். 'மோடிஸ்' என்ற பழைய கருவியின் கட்டம் இன்னும் பெரிது, ஒரு கிலோமீட்டர். அதாவது 250 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு.

இன்னொன்று. விர்ஸ் கருவி மூன்று செயற்கைக்கோள்களில் பறக்கிறது. ஆனால் மூன்றுமே ஓர் இடத்தை ஏறக்குறைய ஒரே வேளையில்தான் கடக்கின்றன: பகல் ஒன்றரை மணியை ஒட்டி ஒரு முறை, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியை ஒட்டி ஒரு முறை. மாலையில் பிடிக்கும் தீ அதன் கண்ணில் படவே நள்ளிரவு ஆகிவிடும். பாலிசேட்ஸ் தீ பரவிய அதே நாள் மாலை ஆறேகால் மணிக்குத்தான் ஆல்டடீனா பக்கம் இரண்டாவது பெரிய தீயான 'ஈட்டன் ஃபயர்' தொடங்கியது. விர்ஸ் அடுத்து வந்து பார்ப்பதற்குள் அந்தத் தீ ஊருக்குள் புகுந்துவிட்டது.

பார்த்த பிறகும் தகவல் மேப்புக்கு வர நேரமாகும். உலகின் பெரும்பாலான இடங்களுக்கு மூன்று மணி நேரத்துக்குள் என்பது நாசாவின் கணக்கு. அமெரிக்கா, கனடாவுக்கு அதைவிட மிக வேகமாக வரும். அடர்ந்த மேகம் இருந்தால் புள்ளி விழாமலும் போகலாம். எண்ணெய் வயல்களில் எரியும் வாயுச் சுடர், இரும்பாலை உலை போன்றவைகூட சிவப்பாகத் தெரிவதுண்டு.

"எப்போதும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள் இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறது. அமெரிக்காவின் 'கோஸ்' செயற்கைக்கோள்கள் அந்த நாட்டை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை படம் எடுக்கின்றன. ஆனால் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து பார்ப்பதால் தீயைக் கண்டுபிடிக்கும் கட்டம் இரண்டு கிலோமீட்டர், குறைந்தது ஆயிரம் ஏக்கர். எந்த ஊர் என்று சொல்லும், எந்தத் தெரு என்று சொல்லாது. வேகம் வேண்டுமென்றால் துல்லியம் போகும், துல்லியம் வேண்டுமென்றால் வேகம் போகும். இப்போதைக்கு வானத்திலிருந்து இரண்டும் சேர்ந்து கிடைப்பதில்லை.

2019-20 ஆஸ்திரேலியத் தீயின்போது அந்தக் கண்டமே தணலாக ஜொலிப்பதுபோல ஒரு படம் வந்ததே, நினைவிருக்கிறதா? நாசா எடுத்த போட்டோ என்று பலரும் பகிர்ந்தார்கள். அது போட்டோவே இல்லை. ஏறக்குறைய ஒரு மாதப் புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு கலைஞர் கணினியில் செய்த முப்பரிமாணப் படம். புள்ளிகள் உண்மை. ஆனால் ஒரு மாதத்தை ஒரே இரவாகக் காட்டியதுதான் வினை.

'0% கட்டுப்பாட்டில்' என்றால் தீயணைப்பு வீரர்கள் எதுவுமே செய்யவில்லையா?

அடுத்த கட்டம் அரசின் பக்கம். கலிஃபோர்னியாவில் 'கால் ஃபயர்' என்ற மாநிலத் தீயணைப்புத் துறை ஒவ்வொரு தீக்கும் தனிப்பக்கம் வைத்திருக்கிறது. பெயர், தொடங்கிய நேரம், எத்தனை ஏக்கர், எத்தனை சதவீதம் கட்டுப்பாட்டில், கடைசியாக எப்போது அப்டேட் ஆனது. பல மாநிலங்களிலும் தேசியக் காடுகளிலும் நாள் கணக்கில் எரியும் பெரிய தீக்களுக்கு 'இன்சிவெப்' என்ற தளம் உண்டு.

இங்கே இரண்டு எண்கள்தான் செய்தியில் அடிபடும். ஒன்று ஏக்கர். பாலிசேட்ஸ் தீ கடைசியில் 23,448 ஏக்கர். ஏறக்குறைய 95 சதுர கிலோமீட்டர், பழைய சென்னை மாநகராட்சியின் பரப்பில் பாதிக்கும் மேல். ஈட்டன் தீ 14,021 ஏக்கர்தான், ஆனால் அதில்தான் வீடுகளும் உயிர்களும் அதிகம் போயின. ஏக்கரைப் பார்த்து ஆபத்தை எடை போட முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டாவது எண் சதவீதம். இதைத் தமிழில் 'இத்தனை சதவீதம் அணைக்கப்பட்டது' என்று எழுதுவதை அடிக்கடி பார்க்கலாம். அது தவறு. எரிந்த பரப்பைச் சுற்றி ஒரு கோடு போட்டால், அந்தச் சுற்றளவில் எவ்வளவு தூரத்துக்குத் தீ இனி தாண்டாது என்று வீரர்கள் நம்பும் தடுப்பு இருக்கிறது என்பதுதான் அந்தச் சதவீதம். நம் வனத்துறை வெட்டும் தீத்தடுப்புக் கோடு மாதிரிதான். உள்ளே எரிந்துகொண்டே இருக்கலாம். வெளியே ஆயிரக்கணக்கானோர் பாடுபட்டும் எண் பூஜ்ஜியமாகவே நிற்கலாம். இரண்டு தீக்களும் 100 சதவீதத்தைத் தொட்டது ஜனவரி 31-ல்தான்.

நூறு சதவீதம் வந்தால் தீ செத்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. பாலிசேட்ஸ் தீயே அப்படித்தான் பிறந்தது என்கிறார்கள் அமெரிக்க மத்திய புலனாய்வாளர்கள். ஜனவரி 1 அதிகாலையில் அதே மலையில் 'லாக்மன் ஃபயர்' என்ற எட்டு ஏக்கர் தீ பிடித்தது, கட்டுப்படுத்தப்பட்டது. ஆனால் மண்ணுக்கடியில், வேர்களில் கனன்றுகொண்டே இருந்து, ஆறு நாள் கழித்துப் பெருங்காற்று வந்ததும் மேலே கிளம்பியது என்று 2025 அக்டோபரில் தெரிவித்தார்கள். இடைப்பட்ட அந்த நாட்களில் மேப்பைப் பார்த்திருந்தால் பயப்பட ஒன்றும் தெரிந்திருக்காது.

தன்னார்வலர்கள் நடத்தும் செயலி முந்தியது எப்படி?

அந்த வாரம் அமெரிக்க ஆப்பிள் ஸ்டோரின் இலவசச் செயலிகளில் முதலிடத்துக்குப் போனது 'வாட்ச் டியூட்டி'. 2021-ல் கலிஃபோர்னியாவின் சொனோமா பகுதியில் தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு அது. லாஸ் ஏஞ்சலஸ் தீயின்போது சில நாட்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் புதிதாகச் சேர்ந்தார்கள்.

அதன் ரகசியம் ஏதோ ஏஐ இல்லை, காது. ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்கள், கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவர்கள் என அனுபவமுள்ள ஒரு குழு, தீயணைப்புத் துறையின் ரேடியோவை நாள் முழுக்க ஒட்டுக் கேட்கிறது. அமெரிக்காவில் பல இடங்களில் அந்த ரேடியோ பேச்சை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். "தீ சாலையைத் தாண்டிவிட்டது", "இன்னும் இரண்டு வண்டி அனுப்பு" என்று களத்தில் இருப்பவர் பேசுவதை, மலைமேல் இருக்கும் கேமராவோடும் செயற்கைக்கோளோடும் ஒப்பிட்டுச் சரிபார்த்து, நேரம் போட்டு வெளியிடுகிறார்கள். அரசுத் துறையில் அதே தகவல் அதிகாரி, செய்தித் தொடர்பாளர், இணையப் பக்கம் என்று படியேறி வருவதற்குள் இங்கே வந்துவிடும்.

ஓர் அரசின் இணையப் பக்கத்தைவிடத் தன்னார்வலர்கள் வேகமாக இருப்பது அந்த அரசுக்குப் பெருமை சேர்க்கும் விஷயம் இல்லை. ஆனால் இந்தச் செயலியால் முடியாத ஒன்று உண்டு. 'வெளியேறுங்கள்' என்று உத்தரவு போட அதற்கு அதிகாரம் இல்லை. உத்தரவு கவுன்டி நிர்வாகத்திடமிருந்துதான் வர வேண்டும். அது வராத ஒரு ராத்திரியில் என்ன நடந்தது என்பதுதான் இந்தத் தீயின் மிகக் கசப்பான பகுதி.

லேக் அவென்யூவுக்கு மேற்கே

ஆல்டடீனாவை இரண்டாகப் பிரிப்பது லேக் அவென்யூ என்ற சாலை. ஈட்டன் தீ கிளம்பிய மாலையிலேயே அந்தச் சாலைக்குக் கிழக்கே இருப்பவர்களின் போன்களுக்கு எச்சரிக்கை போனது. மேற்கே இருப்பவர்களுக்கு வெளியேற்ற உத்தரவு வந்தது அதிகாலை 3.25-க்கு. தீ தொடங்கி ஒன்பது மணி நேரம் கழித்து. அதற்கு வெகுநேரம் முன்பே மேற்கில் தீ இருப்பதாக ரேடியோவில் பேச்சு ஓடியது பின்னால் தெரியவந்தது. ஈட்டன் தீயில் இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அந்த மேற்குப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள்.

தகவல் இல்லாமல் இல்லை. அது ரேடியோவில் இருந்தது, களத்தில் நின்றவர்களின் கண்ணில் இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு முதியவரின் போனுக்குத்தான் வந்து சேரவில்லை. செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்திருக்கும் பழக்கம் யாருக்கு இருக்கும், யாருக்கு இருக்காது என்பதை யோசித்தால் இந்தக் கணக்கு புரியும்.

அதற்கு நேர்மாறான கூத்து ஒரு நாள் கழித்து நடந்தது. ஜனவரி 9 மாலை, 'கென்னத் ஃபயர்' என்ற இன்னொரு தீக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் போக வேண்டிய வெளியேற்ற எச்சரிக்கை, லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி முழுக்கப் போய்விட்டது. சுமார் ஒரு கோடிப் பேர் வாழும் பகுதி அது. இந்தியாவில் 2023-ல் சோதனைக்காக எல்லா போன்களும் ஒரே நேரத்தில் அலறியதே, அதே வகை எச்சரிக்கைதான். மறுநாள் விடியற்காலையிலும் தவறான எச்சரிக்கை மறுபடி வந்தது. எரிச்சலில் பலர் எச்சரிக்கையையே அணைத்து வைக்கக்கூடும் என்று பயந்து, "தயவுசெய்து அணைக்காதீர்கள்" என்று அதிகாரிகள் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அரசு எச்சரிக்கையை உதறவும் முடியாது, அதற்காக மட்டும் காத்திருக்கவும் முடியாது. அங்கே இருப்பவர்களுக்கு நடைமுறை இதுதான்: உத்தரவு வந்தால் மேப்பில் சரிபார்த்துக்கொண்டு நிற்காமல் கிளம்புவது. உத்தரவு வரவில்லை, ஆனால் ரேடியோ வழித் தகவலோ கேமராவோ தீ நெருங்குவதைக் காட்டுகிறது என்றால், உத்தரவுக்காகக் காத்திருக்காமல் கிளம்புவது. 'எச்சரிக்கை' என்றால் தயாராகு, முதியவர்களும் குழந்தைகளும் இருந்தால் இப்போதே புறப்படு. 'உத்தரவு' என்றால் உயிருக்கு ஆபத்து, உடனே வெளியேறு. இரண்டும் ஒன்றல்ல.

இங்கிருந்து பார்ப்பவர்களுக்கு

சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு தேடும் பெற்றோருக்கு இன்னொரு நல்ல வழி கேமரா. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகம் நடத்தும் 'அலர்ட் கலிஃபோர்னியா' ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்களை மலைகளில் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நேரமும் திரையிலேயே ஓடும். யூடியூப்பில் 'லைவ்' என்று போட்டு நேற்றைய காட்சியையே திரும்பத் திரும்ப ஓட்டுபவர்களைவிட இது எவ்வளவோ மேல்.

தீ தூரத்தில் இருந்தாலும் புகை விடாது. அதற்கு 'ஏர்நவ்' தளத்தில் 'ஃபயர் அண்ட் ஸ்மோக் மேப்' என்று ஒன்று இருக்கிறது. அரசு நிலையங்களோடு மக்கள் தங்கள் வீட்டில் வைத்த சின்ன சென்சார்களின் அளவையும் காட்டுவதால், பகுதிவாரியாகப் பார்க்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் தீ மேப்பைவிட இதுதான் பயன்படும்.

ஒரு சின்ன விஷயம்: முதல் தகவலாகப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியது "நல்லா இருக்கியா?" மட்டுமல்ல, "உன் வெளியேற்ற மண்டல எண் என்ன?" என்பதும்தான். கலிஃபோர்னியாவின் பெரும்பாலான கவுன்டிகள் ஊரை எண் போட்ட மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. உத்தரவு அந்த எண்ணில்தான் வரும். எண் தெரிந்தால் இங்கிருந்தே பத்து விநாடியில் பார்த்துவிடலாம். தீ வந்த பிறகு தேட வேண்டிய எண் இல்லை அது.

மற்ற நாடுகளிலும் இதே வரிசைதான். ஐரோப்பாவுக்கு 'எஃபிஸ்', ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்கு 'ஹசார்ட்ஸ் நியர் மீ', விக்டோரியாவுக்கு 'விக்எமர்ஜென்சி'. கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் தனித்தளம். புள்ளிக்கு நாசா, உத்தரவுக்கு உள்ளூர் அரசு.

நம் ஊரில்?

அதே செயற்கைக்கோள்கள்தான் மேற்குத் தொடர்ச்சி மலையையும் கடக்கின்றன. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் அந்தப் புள்ளிகளை வனப்பகுதி எல்லையோடு பொருத்தி, மாநில வனத்துறைகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்புகிறது. 'வன் அக்னி' என்ற அதன் மேப்பைப் பொதுமக்களும் திறந்து பார்க்கலாம். நிறுவனத்தின் தளத்தில் போன் எண்ணைப் பதிவு செய்தால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் பகுதிக்கான எச்சரிக்கை உங்களுக்கும் வரும்.

ஆனால் அதே குறைகள் இங்கும் உண்டு. மாலையில் பிடிப்பதை நள்ளிரவுவரை செயற்கைக்கோள் பார்க்காது. பஞ்சாபில் மாலையில் எரிக்கும் பயிர்க்கழிவு கணக்கில் சரியாக விழுவதில்லை என்று 2024-ல் விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டியதும் இதே காரணத்தால்தான். நம் காடுகளில் எரிவது பெரும்பாலும் தரையில் கிடக்கும் சருகும் புல்லும். மரங்கள் மறைத்துவிட்டால் சின்ன தரைத்தீ புள்ளியாக விழாமலே போகலாம்.

தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேற்றம் போனவர்களைத் தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில், மதியக் காற்றில், தீ வந்த வேகம் நிமிடக் கணக்கு. செயற்கைக்கோளின் வேகம் மணிக்கணக்கு. பிப்ரவரி முதல் மே வரை மலைக்குப் போகிறவர்கள் முந்தைய நாள் புள்ளிகளை வன் அக்னியில் பார்த்துவிட்டுப் போவது நல்லதுதான். ஆனால் அன்றைக்கு ஏறலாமா, எந்தப் பாதை மூடியிருக்கிறது என்பதற்கு அந்த வனச்சரக அலுவலகத்தில் கேட்பது தவிர வேறு வழியில்லை. மலையில் போன் சிக்னல் போய்விட்டால் வன் அக்னியும் கிடையாது, ஃபர்ம்ஸும் கிடையாது. புகையைக் கண்டால் சிக்னல் இருக்கும்போதே 112-க்கோ 101-க்கோ கூப்பிட்டு, மலையின் பெயரோடு பக்கத்து ஊரின் பெயரையும் சொல்லுங்கள்.